விரதம் இல்லாமல் இறங்கிய பூக்குழி

கொழும்புக்குப் போய் வந்தவர்கள் கடலைப் பற்றிச் சொல்வார்கள், பெரிய பெரிய கடைகளைப் பற்றிச் சொல்வார்கள். நான் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். என்னைக் கேட்டால் தில்லைநாதன் என்ற ஒரு மனுஷனைப் பற்றித்தான் சொல்லத் தெரியும். அவர்மேல் பொறாமைப்பட்டே பாதிப் பொழுது போய்விட்டது. மீதிப் பொழுது சோதனைச் சாவடிகளில் போனது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். விருதுநகர்ப் பக்கம் ஒரு சின்ன ஊரில் எண்ணெய்க் கடை வைத்திருக்கிறேன். எங்கள் மாரியம்மனுக்குப் பதினெட்டு வருஷமாகப் பூக்குழி இறங்குகிறவன். ஊரில் என் பெயரைச் சொன்னால் நாலு பேருக்குக்கூடத் தெரியாது, 'பூக்குழிக்காரர்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

என் தங்கை விசாலத்தைக் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் கட்டிக்கொடுத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. அவள் புருஷன் செல்வராஜ் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். நல்ல மனுஷர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம், சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை. சண்டை நடக்கிற நாடு. யார் கொண்டுபோனார்கள், எங்கே கொண்டுபோனார்கள், ஒன்றும் தெரியாது. பிள்ளை குட்டியும் இல்லை. ஒண்டியாக இருக்கிறவளை எப்படியாவது கையோடு கூட்டிவந்துவிட வேண்டும் என்றுதான் போன மாசியில் கிளம்பினேன். கிளம்புகிற அன்று அம்மன் முன்னால் நின்று, "விசாலம் என்னோடு வந்துவிட்டால் இந்தப் பங்குனியில் பூக்குழியோடு தீச்சட்டியும் எடுக்கிறேன் தாயே" என்று வேண்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை போய் இறங்கினேன். விமான நிலையத்திலிருந்து வந்த வேனை நாலு இடத்தில் நிறுத்தினார்கள். நாலு இடத்திலும் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு நடந்துபோய், அந்தப் பக்கம் மறுபடி ஏற வேண்டும். யாரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தர இரண்டு நிமிஷம் பிந்தினால் எவ்வளவு சத்தம்! இங்கே ஒரு பாட்டியம்மாள் நாலு தடவையும் பேசாமல் இறங்கி ஏறினாள்.

விசாலம் இளைத்திருந்தாள். ஆனால் அழவில்லை. அழுவாள், தேற்றலாம் என்று வழியெல்லாம் வார்த்தை கூட்டி வைத்திருந்தேன். அவள், "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, மூன்று மூலையாக ஒரு பன்னைத் தட்டில் வைத்தாள். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் மிளகுத்தூளும். அதற்கு மாலு பாண் என்று பெயராம். நான் மூன்று சாப்பிட்டேன். கொழும்பில் நான் பொறாமையில்லாமல் ரசித்த ஒரே பொருள் அதுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை போலீஸில் போய் என் பெயரைப் பதிய வேண்டியிருந்தது. வெளியூர் ஆள் யார் வந்து தங்கினாலும் பதிய வேண்டுமாம். அங்கே காத்திருந்த நேரத்தில் பேச்சை எடுத்தேன்.

"வீட்டை ஒழிச்சுக் கொடுத்திரலாம் விசாலம். நாளும் நல்லா இருக்கு. புதன்கிழமை வளர்பிறை."

"ஞாயித்துக்கெழம கூட்டம் இருக்கு அண்ணே. அதுக்கு அடுத்த ஞாயிறு பெரிய கூட்டம்."

"என்ன கூட்டம்? கோயில்லயா?"

"இல்ல. எங்கட சங்கம். மூடநம்பிக்கைய எதிர்த்துக் கதைக்கிற சங்கம்."

'எங்கட' என்றாள். நான் அந்த ஒரு சொல்லைக் கேட்டுத் திகைத்துப்போனேன். எங்கள் வீட்டில் பிறந்தவள். நான் பூக்குழி இறங்குகிற அன்றைக்குக் குழி ஓரத்தில் மஞ்சள் தண்ணீரோடு நின்றவள். அவளும் ஒருமுறை இறங்க ஆசைப்பட்டாள். எங்கள் கோயிலில் பெண்கள் இறங்குகிற வழக்கம் இல்லை என்று நான்தான் தடுத்தேன். அவள் இப்போது நாத்திகச் சங்கத்தில் 'எங்கட' என்கிறாள்.

அந்தச் சங்கத்தைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு மத்தியானம் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கிளம்பினோம். பஸ்ஸில் முன்னால் ஓர் இருக்கை காலியாக இருந்தது. மேலே மூன்று பாஷையிலும் எழுதியிருந்தார்கள்: மதகுருமாருக்கு. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ருத்திராட்சம், பதினெட்டு பூக்குழி. இந்த நாட்டிலாவது நமக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களே என்று சந்தோஷமாக உட்கார்ந்துவிட்டேன். விசாலம் பின்னாலிருந்து, "அண்ணே, அண்ணே" என்றது காதில் விழவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு சின்ன வயதுப் பிக்கு ஏறினார். கண்டக்டர் சிங்களத்தில் என்னவோ கத்தினான். பஸ் முழுக்க என்னைப் பார்த்தது. எழுந்து நின்றேன். பிக்கு சிரித்துவிட்டு உட்கார்ந்தார். வெள்ளவத்தை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

கூட்டம் தில்லைநாதன் வீட்டு முன்கூடத்திலும் வாசலிலுமாக நடந்தது. அவருக்கு யாழ்ப்பாணம் சொந்த ஊர். இங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை. என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி. நெற்றி வெறுமையாக இருந்தது.

"வாங்கோ அண்ணை, இருங்கோ. விசாலாட்சி உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறா. நீங்கள் தீ மிதிக்கிறனீங்களாம்?"

"ஆமா. பதினெட்டு வருஷமா."

"குழி எத்தினை அடி நீளம்? என்ன விறகு போடுறவை? எத்தினை மணித்தியாலம் எரிய விடுறவை?"

பதினெட்டு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அம்மன் காட்சி கொடுத்தாளா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். எனக்குக் கோபமும் வந்தது, பதில் சொல்லவும் ஆசையாக இருந்தது. "பதினாறு அடி. புளிய விறகு" என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

சரியாக நாலரைக்கு மணி அடித்தார். ஞாயிறு நாலரை என்றால் ராகு காலம் தொடங்குகிற நேரம். சுவரில் புதுப் பஞ்சாங்கம் ஒன்று தொங்கியது.

"பஞ்சாங்கம் எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பின்ன? எந்தக் கூட்டத்தையும் ராகு காலத்தில தொடங்கிறதுதான் எங்கட வழக்கம். பிந்தினால் நல்ல நேரம் வந்திடும் தானே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் பஜனை மடத்தில் ஆறு மணி என்றால் ஆறே முக்காலுக்கு மிருதங்கக்காரர் வருவார். ராகு காலத்தை நிமிஷம் தவறாமல் அனுசரிக்கிறவர்களை நான் முதன்முதலில் ஒரு நாத்திகர் வீட்டில்தான் பார்த்தேன். ஆட்களை எண்ணினேன். உட்கார்ந்தவர்கள், நின்றவர்கள், மதிலுக்கு வெளியே எட்டிப் பார்த்தவர்கள், எழுபது பேருக்குக் குறையாது. எங்கள் மடத்தில் பதினொரு பேர். அதில் ஆறு பேர் சுண்டலுக்காக வருகிறவர்கள்.

சோமபால என்று ஒரு சிங்களவர், பஸ் டிப்போவில் மெக்கானிக். அவர் நாக்கில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் முன்னாலும் வந்து காட்டினார். பிறகு வெறும் கையிலிருந்து விபூதி கொட்டினார். பிறகு அதை எப்படிக் கஞ்சியில் பிசைந்து, உருட்டிக் காயவைத்து, விரலிடுக்கில் ஒளிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தார். அவர் சிங்களத்தில் சொல்ல, தில்லைநாதன் தமிழில் சொன்னார். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஒரு வயதான அம்மாள் எழுந்து, "நீங்கள் சொல்லுறது முழுக்கப் பிழை" என்றாள். அவளுக்கும் கைதட்டினார்கள். எங்கள் மடத்தில் கேள்வி கேட்டவனை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவன் அப்புறம் வரவில்லை.

கடைசியில் சுடச்சுட உளுந்து வடையும் பால் விடாத பிளேன் டீயும் வந்தன. கொண்டுவந்தது தில்லைநாதனின் மனைவி இராசமலர். நெற்றியில் விபூதிக் கீற்று, நடுவில் குங்குமம். உள்ளே ஒரு முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதும் தெரிந்தது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அம்மா, இவர் சாமி இல்லைங்கிறார். நீங்க விளக்கு ஏத்துறீங்க. வீட்டுல சண்டை வராதா?"

"அவர் கூட்டத்தில கதைப்பார். விளக்கு நான் ஏத்துவன். எண்ணெய் முடிய முந்தி அவர்தான் வாங்கி வந்து வைக்கிறவர்."

நான் எண்ணெய்க் கடைக்காரன். என் வீட்டு விளக்குக்கு எண்ணெய் வேண்டுமென்றால் என் வீட்டுக்காரி மூன்று தடவை ஆள் அனுப்ப வேண்டும். கையிலிருந்த வடையைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். திங்கட்கிழமை காலையில் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

விசாலம் சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "அந்த ஆளு உனக்கு என்ன செஞ்சுட்டார்னு இப்படி அங்கயே ஒட்டிக்கிட்டே?" என்று கேட்டேன். கை நிற்காமலே சொன்னாள்.

முகத்துவாரம் என்ற பக்கத்தில் மை போட்டுப் பார்க்கிற சாமியார் ஒருத்தர் இருக்கிறார். புருஷனையோ பிள்ளையையோ தொலைத்த பெண்கள் கொழும்பில் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோரும் போகிற இடம் அது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் தணல்மேல் ஏறி நிற்பார். நெருப்பே சுடாத சாமி சொன்னால் பொய்யாகுமா என்று போவார்கள். விசாலமும் இரண்டு வருஷம் செவ்வாய்க்கிழமை தவறாமல் போயிருக்கிறாள். "தெற்குத் திசை. தண்ணி பக்கம். உயிரோட இருக்கார். கால்ல ஒரு வலி" என்று ஒவ்வொரு வாரமும் சொல்வாராம். ஒரு வாரம் வராவிட்டால் உன் புருஷன் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்றும் சொல்லிவைத்திருந்தார். இவள் காய்ச்சலோடும் போயிருக்கிறாள். தெற்கே தண்ணீர் உள்ள இடமாகத் தேடி எத்தனையோ ஊர் அலைந்திருக்கிறாள்.

"யாரோ சொல்லித் தில்லைநாதன் அண்ணையிட்ட போனேன். அவர் தன்ட போட்டோவையே தந்தார். இது என் தம்பி, காணல்லன்னு சொல்லிக் கேளுங்கன்னார். கேட்டேன். தெற்குத் திசை, தண்ணி பக்கம், கால்ல வலின்னார் சாமி."

எனக்குச் சட்டென்று உறைத்தது. "வெள்ளவத்தை முகத்துவாரத்துக்குத் தெற்குதானே? வீட்டுக்குப் பின்னால கடல்தானே? சரியாத்தானே சொல்லியிருக்கார்!"

நான் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக விசாலம் சிரித்தாள். "நானும் இதைத்தானே சொன்னேன் அண்ணே! தில்லைநாதன் அண்ணைக்கு மூஞ்சி செத்துப்போச்சு. பொண்டாட்டி வேற, 'உங்களுக்குக் கால் வலி இருக்குத் தானே'ன்னு சொல்லிட்டா. ஒரு கிழமை யோசிச்சிட்டு, செத்து இருபது வருஷமான அவட அப்பாட போட்டோவத் தந்தார்."

"அதுக்கு?"

"தெற்குத் திசை. தண்ணி பக்கம். உயிரோட இருக்கார். கால்ல ஒரு வலி."

துருவலைத் தட்டில் தட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்குத் தில்லைநாதன் அண்ணையிட்ட, அப்ப இவர் எங்கேன்னு கேட்டேன். தெரியாது அம்மான்னார். அத்தனை பேரில, தெரியாதுன்னு சொன்ன முதல் ஆள் அவர்தான். நீங்களும் சொல்லல்ல அண்ணே."

செல்வராஜ் காணாமல் போன வருஷம் மார்கழியில் நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எங்கள் ஊர்க் கோடாங்கியிடம் கேட்டேன். அவன் உடுக்கையை அடித்துவிட்டு, "பார்ப்போம், தை வரட்டும்" என்றான். நான் எழுதும்போது, 'தை பிறந்ததும் மாப்பிள்ளை வந்துவிடுவார், கோடாங்கி சத்தியமாகச் சொல்லிவிட்டான்' என்று எழுதினேன். ஆறுதலுக்காகத்தான். அந்தத் தை முதல் தேதி அவள் அவர் உடுத்தப் புதுச் சாரம் வாங்கி மடித்துவைத்து, இரண்டு பேருக்குப் பொங்கி, இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். இதைக் கோபமில்லாமல், அடுத்த வீட்டுக் கதை மாதிரிச் சொன்னாள்.

பதினெட்டு வருஷம் நெருப்பில் நடந்து அவளுக்காக வேண்டினேன். 'தெரியாது' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி அந்த மனுஷர் அவளைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். வெட்கத்தில் தலை குனிந்திருந்தேன். ஆனாலும் வயிறு எரிந்தது.

அந்த வாரம் முழுவதும் சங்கத்தார் அடுத்த ஞாயிற்றுக்கு ஏற்பாடு செய்தார்கள். முகத்துவாரத்துச் சாமியாரின் பிடியிலிருந்து அந்தப் பெண்களை விடுவிக்க, அவர்கள் கண் முன்னாலேயே சங்கத்தார் தீ மிதித்துக் காட்டுவதாகத் திட்டம். விசாலமும் மிதிக்கப்போகிறாள். கொட்டாஞ்சேனையில் ஹாஜியார் ஒருவரின் மரக்காலை என்கிற மரக்கடைக்குப் பின்னால் வெற்று நிலம் கிடைத்தது. விறகும் அவரே தந்தார். விசாலம் மட்டக்குளி, வத்தளை என்று வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டாள். நானும் கூடப் போனேன். "நான் பேசவே போறதில்லை, துணைக்குத்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

விரதம் இல்லை. காப்புக் கட்டு இல்லை. ஒரு பொழுது சாப்பாடு இல்லை, பாய் படுக்கை இல்லை. ஞாயிறு காலையில் சோமபால கொத்து ரொட்டி சாப்பிட்டார். இவர்களை நெருப்பு விட்டுவிடுமா? விட்டுவிட்டால், நான் பதினெட்டு வருஷம் இருந்த விரதம் எதற்கு? சுட வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சமாவது. உடனே விசாலமும் இறங்குகிறாளே என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எனக்கு மனசு சரியில்லை. மனசு சரியில்லாவிட்டால் எனக்குப் பசிக்கும். இரண்டு மாலு பாண் சாப்பிட்டேன்.

நாலு மணிக்குள் முந்நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். குழி பன்னிரண்டு அடி. தணல் சாம்பல் பூத்துப் பதமாக இருந்தது. தில்லைநாதன் கையில் ஒலிவாங்கியோடு நின்றார். நாலே காலுக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. ஓர் அதிகாரியும் நாலு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள்.

அதிகாரி சிங்களத்தில் பேசினார். விசாலம் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தாள். "கூட்டத்துக்குத்தான் அனுமதி இருக்காம். நெருப்பு மூட்ட இல்லையாம். இத்தனை பேர் எதுக்குன்னு கேக்கிறார்... சாமி காரியமான்னு கேக்கிறார். சாமிக்கு நேர்த்தின்னா ஒண்ணும் சொல்லல்லையாம். அவரும் கதிர்காமத்தில தீ மிதிக்கிறதப் பாத்திருக்காராம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தில்லைநாதன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "இல்லை" என்றார். இது சாமி காரியம் இல்லவே இல்லை, சாமி இல்லாமலும் மிதிக்கலாம் என்று காட்டத்தான் என்று சிங்களத்தில் விளக்கத் தொடங்கினார். சோமபால தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரியின் முகம் மாறியது. ஒரு போலீஸ்காரர் தண்ணீர் வாளியைத் தேடினார்.

பின்னால் அந்தப் பெண்கள் நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் போட்டோ. நடந்தே வந்தவர்களும் இருந்தார்கள். விசாலம் தணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் முன்னால் போய்க் கும்பிட்டேன். "ஐயா, என்னோட நேர்த்தி" என்றேன்.

அதிகாரி என் நெற்றியைப் பார்த்தார், ருத்திராட்சத்தைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்ன நேர்த்தி என்று கேட்டார். என் தங்கைதான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

"என் தங்கச்சி எங்க வீடு வந்து சேரணும்னு அம்மனுக்கு வேண்டியிருக்கேன்" என்றேன். பொய் இல்லை.

விசாலம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே சிங்களத்தில் சொன்னாள். ஒரு போலீஸ்காரர் என் பெயரை ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டார். அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு, சரி, இறங்கு, நானும் பார்க்கிறேன் என்றார்.

"அப்ப நீங்கள்தான் முதல் இறங்க வேணும் அண்ணை" என்றார் தில்லைநாதன்.

அப்போதுதான் மாலு பாண் ஞாபகம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் கவிச்சி சாப்பிட்டுக் குழிக்கருகே போனதில்லை. திரும்பவும் வழியில்லை. "தாயே, பிள்ளை தெரியாமல் செய்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு இறங்கினேன். ஏழெட்டு எட்டுதான் வைத்தேன். அந்தப் பக்கம் ஏறியபோது உள்ளங்காலைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கூட்டத்தில் யாரோ அரோகரா என்றார்கள். முந்நூறு பேரும் அரோகரா என்றார்கள். அதிகாரி தொப்பியைக் கழற்றினார். பெண்கள் ஓடிவந்து என் காலில் விழுந்தார்கள். தில்லைநாதன் வெப்பம் கடத்துவதைப் பற்றி ஒலிவாங்கியில் என்னவோ சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் ஒரு வாரமாகக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் பாவம்தான். ஆனாலும் சொல்கிறேன். மிக நன்றாக இருந்தது.

காலில் விழுந்தவர்களில் ஒருத்தி எழுந்திருக்கவில்லை. மட்டக்குளியில் நாங்கள் போய்க் கூப்பிட்ட மரியம்மா. பையிலிருந்து போட்டோவை எடுத்தாள். மீசை அரும்பாத முகம்.

"சாமி, உங்கள நெருப்பே சுடல்ல. என்ட மகன் எந்தத் திசையில இருக்கான்னு சொல்லுங்க சாமி. வருவான் தானே?"

'வருவான், கவலைப்படாதே தாயி' என்று வாய் வரை வந்துவிட்டது. எங்கள் ஊரில் யாராயிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நிமிர்ந்தேன். விசாலம் பக்கத்தில் நின்றாள். தில்லைநாதன் கையிலிருந்த ஒலிவாங்கி அவள் கைக்கு எப்போதோ மாறியிருந்தது. அந்தத் தை முதல் தேதி இருட்டும்வரை வாசலைப் பார்த்த கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"தெரியாதும்மா" என்றேன். "எனக்குத் தெரியாது. நான் சாமி இல்லை. நான் விரதமும் இல்லை. காலையில ரெண்டு மாலு பாண் சாப்பிட்டேன்."

அது ஒலிவாங்கி வழியாக மரக்காலை முழுவதும் கேட்டது. பிறகு பின்வரிசையில் யாரோ, "மீனா, எறைச்சியா?" என்று கேட்டார்கள். "மீன்" என்றேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது. சோமபாலவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்ட அதிகாரியும் சிரித்தார். மரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. விசாலம் கீழே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு எழுந்து, சேலையைச் செருகிக்கொண்டு, என் தங்கை நெருப்பில் இறங்கினாள். மஞ்சள் தண்ணீர்ச் செம்பு இல்லை. அந்தப் பக்கம் நின்று கையை நீட்டியது நான்தான். அவளுக்குப் பின்னால் சோமபால, தில்லைநாதன், அப்புறம் போட்டோவைப் பையோடு இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு பெண்கள். ஒருவரையும் சுடவில்லை.

"எங்கட சங்கத்தின்ட முதல் தீ மிதிப்பு போலீஸ் புத்தகத்தில உங்கட பேரில அம்மன் நேர்த்தியெண்டு பதிஞ்சிருக்கு அண்ணை" என்றார் தில்லைநாதன், பிளேன் டீயை நீட்டியபடி. "ஆனால் நான் ஒரு மணித்தியாலம் கதைச்சாலும் நடக்காததை உங்கட மாலு பாண் செய்து போட்டுது."

மறுநாள் கிளம்பினேன். விசாலம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மரியம்மாவைச் செவ்வாய்க்கிழமை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். காணாமல் போனவர்களின் பெயர் எடுக்கிறார்களாம். செல்வராஜ் பெயரையும் மறுபடி கொடுக்கப்போகிறாள். நான் கொடுத்த விபூதிப் பொட்டலத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டாள். "அண்ணே, இனி எனக்குக் கடுதாசி எழுதினா, கோடாங்கி சொன்னத அப்பிடியே எழுதுங்க" என்றாள்.

பங்குனியில் காப்புக் கட்டி, ஒரு பொழுது இருந்து, பாயில் படுத்து, முறையாகப் பூக்குழி இறங்கினேன். பத்தொன்பதாவது வருஷம். அன்றைக்குக் கால் சுட்டுவிட்டது. வலது குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். ஊரில் தலைகுனிவாகப் போயிற்று. அம்மன் மீன் சாப்பிட்டவனை விட்டாள், விரதம் இருந்தவனைச் சுட்டாள். ஊரார் பிள்ளைகளை அவள் ஒன்றும் சொல்லமாட்டாள், சொந்தப் பிள்ளையைத்தான் கிள்ளுவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இதை நடந்தது நடந்தபடி விசாலத்துக்கு எழுதினேன்.

இருபது நாளில் பதில் வந்தது. மரியம்மா நலம், இன்னும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் முகத்துவாரம் போவதில்லை என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: 'நீங்க நடுவுல நின்னிருப்பீங்க அண்ணே. நிக்காம நடக்கணும்.'

நின்றது உண்மைதான். ஐந்தாவது எட்டில் நின்றேன். மாப்பிள்ளை போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அம்மனிடம் விசாலத்தைத்தான் கேட்பேன், என்னிடம் வந்துவிட வேண்டும் என்று. இந்த வருஷம் அது வாயில் வரவில்லை. மாப்பிள்ளை எங்கே இருக்கிறார், அதை மட்டும் அவளுக்குத் தெரியப்படுத்து தாயே என்று கேட்டேன். அதற்கு இரண்டு நொடி பிடித்தது.

நான் நின்றதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கடிதத்திலும் எழுதவில்லை. அவளுக்கு எப்படித் தெரிந்தது? கொப்புளத்தின் அளவை வைத்துத் தில்லைநாதன்தான் கண்டுபிடித்துச் சொல்லியிருப்பார்.